வலிக்கிறது என்று சொல்லும் பயிற்சி

உள்ளே இருக்கிற உனக்கு, வெளியே இருக்கிற உன் உம்மா எழுதுவது.

இதைப் படிக்கும்போது உனக்குப் பத்தொன்பது வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. எழுதுகிற எனக்கு அவ்வளவுதான் வயது, அதனால் கணக்குச் சரியாக இருக்கும். உம்மா என்றால் எல்லாம் தெரிந்தவள், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக முறைத்துப் பார்ப்பவள் என்று அப்போது நீ நினைத்துக்கொண்டிருப்பாய். உன் கையில் இருக்கிற இந்தக் காகிதத்தை எழுதியவளோ, பன்னிரண்டாம் வகுப்பில் சாக்பீஸ் பெட்டிக்குள் தவளையை வைத்துவிட்டு ஒரு வாரம் வராந்தாவில் நின்றவள். நீ ஆணா பெண்ணா என்று ஸ்கேன் எடுக்கிறவர் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. 'டா' போடுவதா 'டி' போடுவதா தெரியாமல் வெறும் 'நீ' போட்டே ஒப்பேற்றுகிறேன். நம் மொழி இதற்கெல்லாம் வசதியானது.

இன்று பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு எழுத உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பிறகு குவைத்திலிருந்து என் உம்மா போன் செய்வார். நேற்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, "நல்லா ரோசன பண்ணி நாளைக்குச் சொல்லு" என்று வைத்துவிட்டார். லாத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, அங்கே ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். தையல் இன்னும் சரியாக ஆறவில்லை. உம்மா பன்னிரண்டு நாளில் ஊர் திரும்ப டிக்கெட் இருக்கிறது. அதைப் பதினைந்து நாள் தள்ளிப்போடலாமா என்பதுதான் கேள்வி. தள்ளிப்போட்டாலும் நீ வருவதற்கு ஒரு வாரம் முன்னால் வந்துவிடுவாராம். நீ சொன்ன தேதிக்கு வருகிற ஆளா என்று எனக்கு எப்படித் தெரியும்? கலந்து பேச வேறு யாருமில்லை. உனக்குக் காது கேட்க ஆரம்பித்துவிட்டது, வாய்தான் இன்னும் திறக்கவில்லை என்று டாக்டர் சொன்னார். எனக்கு இப்போது தேவை அப்படிப்பட்ட ஓர் ஆள்தான்.

எங்கள் காரைக்கால் வழக்கம் உனக்குத் தெரிந்திருக்கும். வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். லாத்தா குவைத்தில் குடித்தனம் என்றாகிவிட்டதால் இந்த வீடு என் பெயருக்கு வந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரி இங்கே இருக்கிறாள், வீட்டுக்காரர் சவூதியில் தம்மாமில் இருக்கிறார். கல்யாணம் முடிந்து ஐம்பது நாள் உன் வாப்பா இங்கே இருந்தார். அவர் போன பிறகுதான் நீ வந்திருக்கிற சேதி எங்களுக்குத் தெரிந்தது. அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டின் குடோனில் வேலை. நீ பிறந்து மூன்று மாதம் ஆன பிறகுதான் அவருக்கு லீவு. என் வாப்பா நான் எட்டாவது படிக்கும்போதே மௌத்தாகிவிட்டார். ஆக, ஏழு அறையும் ஒரு ஊஞ்சலும் உள்ள வீட்டில் உம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். பிறகு நான் உம்மாவையும் விமானம் ஏற்றிவிட்டேன். ஏற்றியது நான்தான், அதுதான் விஷயம்.

ஐந்தாம் மாதத்திலேயே வலி தொடங்கிவிட்டது. முதுகுக்குக் கீழே ஒரு பட்டை, பிறகு முன்பக்கம், தொடைகள் சேருகிற இடத்துக்கு மேலே இருக்கிற எலும்பில். படுக்கையில் புரளும்போது அந்த எலும்பு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி என்னோடு வருகிறது, மறு பாதி வரமாட்டேன் என்கிறது. மாடிப்படியில் இரண்டாவது படிக்கே வியர்த்துவிடும். ஒற்றைக்காலில் நின்று சல்வார் போட முடியாது. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. "இடுப்பு என்ன சொல்லுது?" என்று உம்மா கேட்டால், "ரெண்டு பேருக்கு வாடகை கேக்குது" என்பேன். உம்மா சிரிப்பார். சிரித்துவிட்டால் அடுத்த கேள்வி வராது. சின்ன வயதிலிருந்தே நான் கண்டுபிடித்து வைத்திருந்த வித்தை அது.

லாத்தாவுக்கு முன்பு ஒன்று தங்காமல் போயிருந்தது. இரண்டாவது முறை என்பதால், உம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தினமும் அழுதாள். உம்மாவுக்கு இரண்டு பக்கமும் இழுபறி. எனக்கு ஆறு மாதம் முடிகிற சமயம். ஒருநாள், 'நாளைக்கு நாலு மணிக்குக் கை ஊனாம எந்திரிக்கிற பரீட்சை' என்று சொல்லி வைத்தார். மறுநாள் ஹாலில் பாயை விரித்துப் போட்டு, "இங்க வா. உக்காரு. கையை ஊனாம எந்திரி பாப்போம். எந்திரிச்சா நான் போறேன். இல்லாட்டி அவ மாமியாகாரியே பாத்துக்கட்டும்" என்றார். எந்தப் புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கிறது என்று கேட்காதே, அது என் உம்மாவின் சொந்த ஆஸ்பத்திரி. கை ஊன்றாமல் எழுவது என்னால் அப்போது ஆகவே ஆகாத காரியம். ஆனால் பரீட்சை என்றால் காப்பி அடிக்கத் தெரியாதவளா நான்? எங்கள் வாசல் காலிங்பெல் சத்தத்தைப் பதிவு செய்து, போனில் அலாரமாக வைத்து, திரைச்சீலைக்குப் பின்னால் ஜன்னல் கட்டையில் ஒளித்துவைத்திருந்தேன். உட்கார்ந்தேன். பெல் அடித்தது. உம்மா வாசலைப் பார்த்துத் திரும்பினார். நான் சோபாவின் காலைப் பிடித்து, பல்லைக் கடித்து, கண்ணில் பூச்சி பறக்க எழுந்து நின்றுவிட்டேன்.

"எப்படி எந்திரிச்ச?"

"நீங்க பாக்கலையா? மறுபடி பாக்கணும்னா டிக்கெட்டு எடுத்துட்டு வாங்க."

"யாரு வாசல்ல?"

"யாருமில்ல. காத்துக்கும் கை இருக்கு போல."

மறு வாரம் உம்மா திருச்சிக்குப் போய் விமானம் ஏறினார். கார் தெருமுனை திரும்புகிற வரை நான் வாசலில் நேராக நின்று கை அசைத்தேன். திரும்பியதும் தூணைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வர எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தேன். லாத்தாவுக்காகச் செய்தேன் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மறு பாதி, எனக்கு வலிக்கிறது என்று யார் எதிரிலும் நின்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தவளை வைத்தவள் அழுதால் வகுப்பே வேடிக்கை பார்க்கும் இல்லையா, அந்த வெட்கம்.

எனக்குத் துணையாக வந்தவர் மாமி, என் வாப்பாவின் தங்கை. நல்லவர், அதிகம் பேசாதவர், சமையலறையை விட்டு வெளியே வராதவர். அவரிடம் நான் செய்ததைத்தான் நீ மன்னிக்கக் கூடாது. ஏழாம் மாதத்தில் ஒரு பகல், பொழுதே போகவில்லை. பேச ஆள் இல்லாத வீட்டில் சுவர் கடிகாரம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? "மாமி! வலி வந்துருச்சு மாமி!" என்று அலறினேன். ஓடி வருவார், சிரிப்போம், பிறகு கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருவார் என்று கணக்கு. மாமி என்னிடம் வரவில்லை. செருப்பில்லாமல், தலையில் துப்பட்டா இல்லாமல், ஆட்டோ கூப்பிடத் தெருவுக்கு ஓடினார். வாசற்படியில் தடுக்கி விழுந்து முழங்கால் சிராய்த்துவிட்டது. நான் மருந்து போட்டுக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். மாமி திட்டவில்லை. "எனக்குப் புள்ள பொறந்ததில்ல தங்கம். இதுல எது நெசம் எது வெளையாட்டுன்னு எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து நான் எது சொன்னாலும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு சமையலறைக்குப் போய்விடுவார். நான் உண்மையாகவே முனகினாலும் அதே சிரிப்புதான்.

என் வலியை என் வாய்க்குத் தெரியாமல் கண்டுபிடித்தவர் ஆஸ்பத்திரியில் இருக்கிற பிசியோதெரபி அக்கா. நெரவியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். மாதாந்திரச் சோதனைக்குப் போன நான் தாழ்வாரத்தில் நடந்து வருவதைத் தன் அறைக்குள் இருந்தபடியே பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏம்மா, எத்தன நாளா இப்படி வாத்து மாரி நடக்குற?"

"முட்டை போடுற வரைக்கும் இப்படித்தான் அக்கா."

"சிரிச்சது போதும், கட்டில்ல ஏறு. ஏற முடியுதான்னு பாக்குறேன்."

முடியவில்லை. கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுகள் தளர்வதும், வயிறு முன்னால் இழுப்பதும், முதுகு அதை ஈடுகட்டப் பார்ப்பதும் எப்படி என்று ஒரு துணிப்பொம்மையை வைத்துக் காட்டினார். சகித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை, பயிற்சியால் குறைக்கக்கூடிய விஷயம் என்றார். நீயோ உன் மனைவியோ இந்த நிலைக்கு வரலாம் என்பதால் எழுதி வைக்கிறேன். கையையும் முழங்காலையும் ஊன்றி நான்கு காலில் நிற்க வேண்டும். முதுகு மேசை மாதிரி நேராக இருக்க வேண்டும். பிறகு அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுத்து, முதுகைக் கூரை மாதிரி மேலே வளைத்து, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மேசைக்கு வர வேண்டும். தொட்டில் மாதிரி கீழே தொங்கவிடக் கூடாது. பத்து முறை, மூச்சை அடக்காமல். அது போல, சுவரில் முதுகைச் சாய்த்து, முட்டியைக் கொஞ்சம் மடித்து நின்று, இடுப்பின் பள்ளத்தைச் சுவரோடு அழுத்தி விடுவது ஒன்று. சிறுநீரை அடக்குவது போல உள்தசையை இறுக்கித் தளர்த்துவது இன்னொன்று. இதைப் பேருந்துக்குக் காத்திருக்கும்போதுகூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது. என் வாழ்நாளில் யாருக்கும் தெரியாமல் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். புரளும்போது இரண்டு முட்டியையும் ஒட்டவைத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் ஒரே மரக்கட்டையாகத் திருப்ப வேண்டும். ஒருக்களித்துப் படுத்துக் கால்களுக்கு நடுவே தலையணை. சல்வாரை உட்கார்ந்துதான் போட வேண்டும். எந்தப் பயிற்சியும் வலியைக் கூட்டினால் நிறுத்த வேண்டும். ரத்தமோ நீரோ கண்டால், குழந்தை அசைவது குறைந்தால், பாயைச் சுருட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

"நாலு கால்ல நிக்கும்போது பின்னாடி ஒருத்தர் இந்த எலும்பு மேல உள்ளங்கைய வச்சு அழுத்திக் குடுத்தா ரொம்பச் சுகமா இருக்கும்" என்று அக்கா தன் கையை வைத்துக் காட்டினார். அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், ஏழு மாதத்தில் முதன்முறையாக அந்த இடத்தில் இன்னொரு மனுஷியின் கை பட்டது. சூடாக இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டே கண்ணீரை அடக்கினேன்.

"வீட்டுல புடிச்சுவிட யாரு இருக்கா?"

"எக்கச்சக்கமா இருக்காங்க அக்கா. நிக்க எடமில்ல."

வீட்டில் அந்த எக்கச்சக்கத்துக்குப் பதிலாகச் சுவர் இருந்தது. சூடில்லாத சுவர், இருந்தாலும் நகராமல் நின்றது. எண்ணிக்கைக்கு உன் வாப்பா வந்தார். அவருக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை, இங்கே மூன்று மணி சுமார். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்துவிட்டு நான் பாயில் நான்கு காலில் நிற்பேன். அவர் பின்னால் அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கும். "ஒண்ணு... தூக்கு... விடு... ரெண்டு..." என்று எண்ணுவார். எலும்பு வலியைப் பற்றி அவரிடமும் நான் சொன்னதில்லை, 'உடற்பயிற்சி' என்றுதான் சொல்லியிருந்தேன். ஒருநாள் ஏழு என்றவுடன் நெட் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி அவர் முகம் அப்படியே உறைந்தது. நானும் முதுகை வளைத்தபடி எட்டுக்குக் காத்திருந்தேன். தெருவில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார், காரைக்கால்மேட்டு மீன், கடைசிச் சுற்று. மின்விசிறி சுற்றியது. எட்டு வரவில்லை. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இந்த வீட்டில் நான் மட்டும் இருந்தேன். நீ இருந்தாய்தான், ஆனால் நீ என்னுள்ளே இருந்தாய், அதைத் துணை என்று எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

அந்த நேரம் பார்த்து மாமி டீயோடு வந்தார்.

"யா அல்லா! ஏ புள்ள, இது என்னா கோலம்?"

"பூனை மாமி. பாலு வச்சா குடிப்பேன்."

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு நாலு கால்ல நிக்கிறியா? கொடி சுத்திக்கப் போவுது புள்ளைக்கு!"

"அதெல்லாம் சுத்தாது மாமி. டாக்டரம்மா சொல்லிக் குடுத்தது. இடுப்பு வலிக்கு."

"வலிக்கா?" மாமி என்னைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார். அந்தச் சிரிப்பைச் சிரித்தார். "டீ ஆறிரும், குடி" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். போனில் உன் வாப்பா உயிர் வந்து "எட்டு" என்றார். நான் அப்படியே பாயில் பக்கவாட்டாகச் சாய்ந்து, "பத்தும் ஆச்சு மச்சான், நான் வேகமா முடிச்சிட்டேன்" என்றேன்.

பயிற்சி பலன் தரவில்லை என்று நினைக்காதே. மூன்றாம் வாரத்திலேயே புரளுவது சுலபமாயிற்று. மாடிப்படி பாதி தூரம் கைக்கு வந்திருக்கிறது, காலுக்கு என்று எழுத வேண்டுமோ? கடற்கரைச் சாலையில் சமதளத்தில் தினமும் கொஞ்சம் நடக்கிறேன். இருந்தாலும் சில நாள் வலி பழைய பலத்தோடு வந்துவிடும். நேற்று அப்படி ஒரு நாள். அப்போதுதான் உம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். "தாராளமா இருந்துட்டு வாங்க, இங்க நான் ராணி மாரி இருக்கேன்" என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. சொல்லிவிட்டால் லாத்தா பிழைத்துக்கொள்வாள். சொல்லாவிட்டால், தையலோடு கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு அவள் தனியாக நிற்பாள். எந்தப் பதிலிலும் ஒருத்தி தனியாகத்தான் இருக்கப் போகிறாள். அது நானாக இருக்கட்டும் என்று காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். அஸர் தொழுகையில், நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையைத் தாழ்த்தியபோது, முதல்முறையாகப் பயம் வந்தது. உண்மையாகவே வலி வந்து நான் கத்தினால், மாமி சிரித்துவிட்டு டீ போடப் போவார். அப்போது நீ என்ன ஆவாய்?

பாங்கு சொல்லிவிட்டார்கள். போன் பேசிவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

பேசிவிட்டேன். போன் இன்னும் சூடாக இருக்கிறது.

உம்மா எடுத்தவுடன், "என்னாடி முடிவு பண்ணுன? இவ மாப்புள காலையிலேருந்து டிக்கெட்டு என்னாச்சுன்னு நச்சரிக்கிறாரு" என்றார்.

"உம்மா, எனக்கு வலிக்குது."

"ஏய், ஆரம்பிச்சிட்டியா? மாமிய ரோட்டுல ஓட வுட்ட கதையெல்லாம் இங்க வரைக்கும் வந்துருச்சு."

அந்த இடத்தில் வழக்கமாக ஒரு பகடி வரும். வாய்க்குள் இரண்டு மூன்று தயாராகவே இருந்தன. நான் எதையும் எடுக்கவில்லை.

"இருக்கியாடி?"

"அன்னிக்குப் பெல்லு அடிச்சது யாருமில்ல உம்மா. என் போனு. நான் சோபாவப் புடிச்சுத்தான் எந்திரிச்சேன். அஞ்சு மாசத்துலேருந்து வலிக்குது. நீங்க போகணும்னு பொய் சொன்னேன்."

பின்னால் இதைக் கேட்டுக்கொண்டிருந்த லாத்தா போனைப் பிடுங்கினாள். "நீ மனுஷியாடி? ரெண்டு மாசமா என் காலை அமுக்கிட்டுக் கெடந்தாங்களே, அதுல பாதி உன் பங்குன்னு எனக்கு ஏண்டி சொல்லல? நான் ஒருத்தியே தின்னேனேடி" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள். அவள் குழந்தையும் சேர்ந்து அழுதது. "தேதிய மாத்தாதீங்க உம்மா, நீங்க போங்க, நான் பாத்துக்குறேன்" என்று அவள் சொல்வது தூரத்தில் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். உம்மா தனியாக ஓர் அறைக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தது. ஏசப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"எங்கடி வலிக்குது?" என்றார்.

எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, தேதி எப்போது என்று உலகம் முழுக்கக் கேட்டிருக்கிறது. இதை யாரும் கேட்க நான் விட்டதில்லை.

"நடுவுல உம்மா. முன்னாடி எலும்புல. அப்புறம் பின்னாடி."

"எந்தப் பக்கம்? வலதா, எடதா?"

"வலது பக்கம் கூட."

"படுக்கும்போதா, எந்திரிக்கும்போதா?"

ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அரை மணி நேரம். சிரிப்பு ஒரு இடத்திலும் வரவில்லை, வராவிட்டாலும் ஒன்றும் ஆகிவிடவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை உம்மா திருச்சியில் இறங்குகிறார். லாத்தாவுக்கு என்ன ஏற்பாடு என்று இன்னும் தெரியாது. அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்பதை நீயும் மறக்காதே, அவளை எங்கே பார்த்தாலும் எழுந்து நில்.

"அதுவரைக்கும் மாமிகிட்ட சொல்லி வையி. உள்ளங்கைய வச்சு அழுத்தத் தெரியும் அவங்களுக்கு" என்றார் உம்மா.

"மாமி நம்ப மாட்டாங்க உம்மா."

"நம்புற வரைக்கும் சொல்லு."

உனக்குப் புத்தி சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். என்னிடம் இருப்பது அந்த மூன்று வார்த்தைதான், அதுவும் இப்போதுதான் கைக்கு வந்தது, நானே இன்னும் பழகிப் பார்க்கவில்லை. மாமி சமையலறையில் ரொட்டிக்கு மாவு பிசைகிற சத்தம் கேட்கிறது. இதோ எழுந்து போகப் போகிறேன். சொன்னால் சிரிப்பார். சிரித்து முடிக்கட்டும். நான் அங்கேயே நின்று மறுபடி சொல்லுவேன்.